குழிக்குள் ஆயில் இன்ஜின் எதற்கு?

கேள்வி: பாபநாசம் வட்டத்தில், கொள்ளிடத்தின் தென்கரையில் எனக்கு மூன்று ஏக்கர் நிலம் உள்ளது. இரண்டு ஏக்கரில் வாழை, ஒன்றில் நெல். ஆற்று நீர் இல்லாத மாதங்களில் 45 அடி ஆழமுள்ள பில்டர் பாயின்டை (மணல் அடுக்கில் இறக்கிய வடிகட்டிக் குழாய்க் கிணறு) நம்பித்தான் சாகுபடி. தை மாதக் கடைசியில், எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்து சுமார் 140 மீட்டர் தொலைவில், ஒருவருடைய இரண்டு ஏக்கர் பட்டா நிலத்தில் சவுடு மண் குவாரி தொடங்கினார்கள். ஐந்து அடிதான் எடுப்போம் என்றவர்கள் இப்போது இருபது அடிக்குக் கீழே போய்விட்டார்கள். இரண்டு ஆயில் இன்ஜின்கள் இரவு பகலாக ஓடிக் குழித் தண்ணீரை வடிகால் வாய்க்காலில் தள்ளுகின்றன. பங்குனி முதல் என் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் காற்று வாங்குகிறது. கேட்டால், மண் சாலைப் பணிக்குப் போவதால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்கிறார்கள். டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, இங்கே குவாரியே கூடாதல்லவா? குவாரி முடியும் வரை குழித் தண்ணீரை எனக்கு இலவசமாகத் தருவதாகவும், பிறகு அதைப் பண்ணைக் குட்டையாக விட்டுவிடுவதாகவும் சொல்லி, ஆட்சேபணை இல்லை என்று முத்திரைத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்:

அன்புடையீர், கையெழுத்துப் போட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குழிக்குள் இரண்டு ஆயில் இன்ஜின்கள் ஓடுகின்றன என்கிறீர்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணை மட்டும் எடுக்கும் குவாரியில் இறைக்கத் தண்ணீர் இருக்காது. மழைக்காலத்தில் தேங்கிய நீரை ஓரிரு நாள் வெளியேற்றினால் அது வேறு. பங்குனி வெயிலில் இரவு பகலாக இறைத்தும் குழி வற்றவில்லை என்றால், அந்தக் குழி நீர்மட்டத்தை வெட்டிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இத்தகைய குவாரிகளுக்கு வழங்கப்படும் சுற்றுச்சூழல் அனுமதி ஆணைகளில், அனுமதித்த ஆழத்துக்கு மேல் தோண்டக் கூடாது, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடக் கூடாது என்பவை வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள். ஆகவே நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியதில் பாதியை அந்த இன்ஜின்களே மெய்ப்பித்துக்கொண்டிருக்கின்றன. நாள், நேரம் பதியும்படி அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். குழாய் வாயிலிருந்து வாய்க்காலில் நீர் விழும் இடத்தையும் எடுங்கள். உங்கள் நிலத்திலும் பொது வரப்பிலும் நின்றே எடுக்க முடியும். குவாரிக்குள் இறங்கித் தகராறுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மோட்டார் காற்று வாங்குவதைப் பற்றி. பில்டர் பாயின்டில் நீர் வற்றிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அநேகமாக அப்படி இல்லை. தரைமேல் வைத்த மோட்டார் நீரைத் தள்ளித் தூக்குவதில்லை, உறிஞ்சித்தான் எடுக்கிறது. காற்றழுத்தம் எவ்வளவு உயரத்துக்கு நீரைத் தள்ளிக் கொடுக்குமோ அவ்வளவுதான் அதனால் முடியும். கணக்குப்படி அது 10 மீட்டருக்குச் சற்று மேல்; குழாய் உராய்வு, இணைப்புக் கசிவு எல்லாம் போக நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டர், அதாவது 23 அடி. கோடையில் 15 அடியில் நிற்கும் நீர், மோட்டார் ஓடும்போது இன்னும் நாலைந்து அடி இறங்கி 20 அடிக்கு வரும். அதுவரை மோட்டார் தாங்கும். பக்கத்துக் குழியால் மட்டம் இன்னும் நாலடி தாழ்ந்தால் போதும், 45 அடிக் குழாயில் பாதி அளவு நீர் நிற்கும்போதே மோட்டார் காற்று வாங்கும். டெல்டாவில் பில்டர் பாயின்ட் வைத்திருப்பவர்களுக்குக் குவாரி செய்யும் கேடு இப்படித்தான் தொடங்குகிறது. நிலத்தடி நீர் அற்றுப்போக வேண்டியதில்லை. எட்டும் தூரத்தைத் தாண்டினாலே சாகுபடி நின்றுவிடுகிறது.

140 மீட்டர் தள்ளியிருக்கும் குழி உங்கள் குழாயைத் தொடுமா என்று கேட்பார்கள். மணல் அடுக்கில் ஓரிடத்தில் தொடர்ந்து இறைத்தால், நீர்மட்டம் அந்த இடத்தைச் சுற்றி ஒரு புனல்போலச் சரியும். அந்தப் புனல் எவ்வளவு தூரம் விரியும் என்பது மணலின் பருமனையும் இறைக்கும் ஆழத்தையும் பொறுத்தது. நிலத்தடி நீர்த் துறையினர் பயன்படுத்தும் தோராயச் சூத்திரப்படி, 4 மீட்டர் அளவுக்கு நீரைத் தாழ்த்தினால் நுண்மணலில் சுமார் 120 மீட்டரும், பருமணலில் 350 மீட்டருக்கு மேலும் பாதிப்பு எட்டும். கொள்ளிடக் கரையில் மேலே ஓரிரு மீட்டர் வண்டலும் களியும், அதன்கீழ் பழைய ஆற்றுப் படுகையின் மணலும் இருப்பது வழக்கம். உங்கள் தூரம் இந்த எல்லைக்குள் வருகிறது என்று சொல்லலாம். குழிதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து நான் எழுதித் தர மாட்டேன்.

ஏனென்றால் எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய நியாயமான பதில் ஒன்று உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படும். ஆறும் வாய்க்காலும் காய்ந்த பிறகு டெல்டா முழுவதும் நீர்மட்டம் இறங்கத்தான் செய்யும். உங்கள் குவாரி தொடங்கியதும் தை மாதக் கடைசி. அணை மூடுவது அதற்கு இரண்டு வாரம் முன்புதான். போதாக்குறைக்கு, சுற்றிலும் எத்தனை பேர் நீர்மூழ்கி மோட்டார் இறக்கியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கோடையால் இறங்கியது எவ்வளவு, குழியால் இறங்கியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத மனு, விசாரணை நாளில் ஐந்து நிமிடத்தில் கவிழ்ந்துவிடும். பணியில் இருந்த காலத்தில் அப்படிக் கவிழ்ந்த ஒன்றை அருகிலிருந்து பார்த்தேன். அந்த விவசாயி தன் கிணற்றின் ஆழத்தை மூன்று மாதம் தவறாமல் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். குழியின் நீர்மட்டத்தை ஒருநாள்கூட எழுதவில்லை. அவருடைய எண்கள் எதனோடும் ஒப்பிட முடியாமல் நின்றன.

எனவே இரண்டையும் அளக்க வேண்டும். பில்டர் பாயின்டின் வாய் மோட்டாரோடு பிணைந்திருப்பதால் அதில் நாடா இறங்காது. உங்கள் வரப்பில், குவாரிப் பக்கமாக, கையால் துளையிட்டு ஓர் அங்குலப் பிவிசி குழாயை 35 அடிக்கு இறக்குங்கள். அடிப்பகுதியில் துளைகள் போட்டு நைலான் வலை சுற்றிவிட்டால் மணல் ஏறாது. பில்டர் பாயின்ட் போடும் ஆட்களுக்கு இது அரைநாள் வேலை. பக்கத்து வயலில் கைவிட்ட பழைய குழாய் இருந்தால் அந்தச் செலவும் இல்லை. எஃகு அளவு நாடாவின் நுனியில் சிறு எடை கட்டி, முதல் சில அடிகளுக்குச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து இறக்குங்கள். எங்கே நனைந்து நிறம் மாறுகிறதோ அதுதான் மட்டம். விடியற்காலையில், உங்கள் மோட்டாரோ அக்கம்பக்கத்து மோட்டாரோ ஓடத் தொடங்கும் முன் அளக்க வேண்டும். குழியின் நீர்மட்டத்தையும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலைக் (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) கொண்டு, உங்கள் குழாயின் வாய்மட்டத்தை முளை முளையாக நட்டுக் குவாரிக் கரை ஓரத்து முளைவரை கொண்டுபோனால், இரண்டு நீர்மட்டங்களையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடலாம்.

இதில் தீர்ப்பு சொல்லும் நாள், இன்ஜின் நிற்கும் நாள். பண்டிகைக்காகவோ பழுதாலோ அதிகாரிகளின் சோதனைக்குப் பயந்தோ இரண்டு நாள் இறைப்பதை நிறுத்துவார்கள். அந்த இரண்டு நாளும் காலை, மாலை, நள்ளிரவு என்று அளந்து எழுதுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வராமலும் மழை பெய்யாமலும் இருக்கும்போது உங்கள் குழாயில் மட்டம் ஏறி, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மீண்டும் இறங்கினால், கோடைதான் காரணம் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். கோடைக்கு இரண்டு நாள் விடுமுறை கிடையாது.

இறைக்கும் அளவையும் கணக்கிட்டு வைக்கலாம். அவர்கள் உங்களுக்குத் தண்ணீர் தருவதாகச் சொன்னது இதற்கு வசதி. குழாய் முனையில் 200 லிட்டர் டிரம்மை வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 20 விநாடியில் நிரம்பினால் ஓர் இன்ஜினுக்கு விநாடிக்கு 10 லிட்டர். இரண்டும் 24 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 17 லட்சம் லிட்டருக்கு மேல். உங்கள் மூன்று ஏக்கர் முழுவதும் 14 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டும் அளவு. நாள்தோறும் இவ்வளவு நீர் வடிகாலில் ஓடுகிறது என்பதை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் கேட்பவருக்கு உடனே விளங்கும்.

இனிச் சட்டம். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்ற பெயரை நம்பி மனு எழுதாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அட்டவணையிட்டுத் தடுப்பது துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள், இரும்பு ஆலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், மீத்தேன் உள்ளிட்ட எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்றவற்றைத்தான். சவுடும் கிராவலும் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. ஆனால் மனுவில் கருத்து எடுபடாது. அந்த ஒரே வாதத்தோடு போகிறவர்களை, பட்டியலைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சாலைப் பணிக்கு அனுமதி தேவையில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிறு கனிமங்களுக்கு, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த பரப்பானாலும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் சொன்னது. 2020 மார்ச்சில் மத்திய அரசு, சாலை, குழாய்ப் பாதை போன்ற பணிகளுக்குச் சாதாரண மண் எடுப்பதற்கு விலக்கு அளித்தது. எவ்வளவு மண், எவ்வளவு பரப்பு என்ற வரம்பே இல்லாத அந்த விலக்கை 2024 மார்ச் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆகவே இன்று ஒருவர் விலக்கு இருக்கிறது என்றால், எந்த ஆணை, எந்தத் தேதி, எத்தனை கன மீட்டர் வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் தர மாட்டார்கள் என்றால் அதுவும் ஒரு விடைதான். எந்த விலக்கும் மண்ணுக்குத்தான். நிலத்தடி நீரை இறைத்து வடிகாலில் விடுவதற்கு அல்ல.

சவுடு என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அது வழக்குச் சொல். மண்ணியலில் அப்படி ஒரு வகை கிடையாது. அந்தப் பெயரில் மேல்மண்ணுக்கு அனுமதி வாங்கி அடியிலுள்ள ஆற்று மணலை அள்ளும் வழக்கம் பெருகியதால்தான், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல், மண்ணின் கூறுகளை ஆய்வகத்தில் அறியாமல் சவுடு போன்ற வழக்குப் பெயர்களில் குவாரி அனுமதி தரக் கூடாது என்றது. தஞ்சாவூர் மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின் 38-அ பிரிவுப்படி, 2003 அக்டோபர் முதல் மணல் எடுக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே. குழியின் செங்குத்துச் சுவரைத் தொலைவிலிருந்தாவது பெரிதாக்கிப் படம் எடுங்கள். மேலே கறுத்த களியும், கீழே வெளிறிய மணலும், இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடும், மணலின் அடியில் நீர் ஊறிக் கசியும் ஈரப் பட்டையும் தெரியும். லாரியில் போவது அந்த வெளிறிய அடுக்கு என்றால், இது ஆழ விதிமீறல் என்ற நிலையைத் தாண்டி மணல் திருட்டு ஆகிவிடுகிறது.

கன அளவு இன்னொரு பிடி. இரண்டு ஏக்கரில் ஐந்து அடி எடுத்தால் சுமார் 12,000 கன மீட்டர்; லாரிக்காரர் கணக்கில் (யூனிட் என்பது 100 கன அடி) 4,350 யூனிட் அளவு. இருபது அடி என்றால் அது 17,000 யூனிட்டைத் தாண்டும். பக்கத்துப் பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத் தோண்ட வேண்டும் என்பதால் உண்மையில் அனுமதித்த அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு லோடுக்கும் வழங்கிய நடைச்சீட்டுகளின் (மண் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) மொத்தத்தையும் குழியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிச்சக் கதை தானாகத் தெரியும்.

இந்த ஆவணங்களைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். காரணங்களையெல்லாம் கேள்வியாகக் கேட்டுக் கட்டுரை எழுதாமல், புல எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியரின் அனுமதி ஆணை, அங்கீகரித்த சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி ஆணை, மண் ஆய்வறிக்கை, நடைச்சீட்டுப் பதிவேடு ஆகியவற்றின் நகல் என்று மட்டும் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி இருந்தால் அது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் கிடைக்கும். அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை அளிக்க வேண்டும். அதில் நீர்மட்டத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சில அறிக்கைகளைப் படிக்கும்போது, குழியைப் பார்க்காமலே எழுதியிருப்பார்களோ என்று தோன்றும்.

மனுவை ஆட்சியருக்கும் சுரங்கத் துறைக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் அனுப்புங்கள். கலங்கல் நீரால் வடிகாலில் மண் படிகிறது என்றால் நீர்வளத் துறைக்கும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் வையுங்கள். ஓடையின் ஓட்டத்தைத் தடுத்து மாசைக் கூட்டும் பொருளை அதில் விடுவதையும் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் தடுக்கிறது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை எண் வாங்குவது தபாலைவிட மேல். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக நேர்ந்தால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தை மாதக் கடைசியிலிருந்து எண்ணினால் ஆடி வரைதான் உங்களுக்குக் காலம். இழப்பீடு கேட்க மட்டும் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே இந்த ஆறு மாதத்தைக் கடத்திவிடுகிறவர்கள் அநேகம்.

இப்போது அந்த முத்திரைத் தாளுக்கு வருகிறேன். குலை தள்ளும் பருவத்தில் வாழையைக் காயவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. தண்ணீர் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் நிலத்தடியிலிருந்து போன தண்ணீர்தான். ஆனால் முதலில் ஒரு பாட்டில் எடுத்து, தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்திலுள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் துறையின் ஆய்வகத்திலோ, நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனைப் பார்த்துவிடுங்கள். அது சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோ சீமென்ஸுக்கு மேல் போனால் வாழைக்கு வேண்டாம். உங்கள் பகுதியில் அந்த அளவுக்குப் போகாது என்றே எதிர்பார்க்கிறேன். கடலோரத்தில் இருந்து இதே கேள்வி வந்திருந்தால் என் பதில் இவ்வளவு நிதானமாக இருந்திருக்காது: அங்கே நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் நாற்பதடி வரை மேலேறக்கூடும், ஏறியது எளிதில் திரும்பாது.

எழுத்து வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினால், நீங்களே எழுதிக் கொடுங்கள்: இன்ன தேதி முதல் என் பில்டர் பாயின்ட் நீர் எடுக்காததால், இன்னாருடைய குவாரிக் குழியிலிருந்து இறைக்கும் நீரை இன்ன தேதி முதல் என் பயிருக்குப் பெற்றுக்கொள்கிறேன், என்று. ஆட்சேபணை என்ற சொல்லே அதில் வர வேண்டாம். அவர்கள் அதில் கையெழுத்திட்டால், குழியில் நீர் இறைப்பதை அவர்களே ஒப்புக்கொண்ட ஆவணம் உங்கள் கையில் இருக்கும். கையெழுத்திட மறுத்தால், ஏன் மறுத்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பண்ணைக் குட்டை என்ற வாக்குறுதியை நம்பாதீர்கள். குட்டை என்பது களியடுக்கின் மேல் நின்று மழைநீரைத் தாங்குவது. களியை அறுத்து மணலைத் திறந்துவிட்ட குழி, நிலத்தடி நீருக்கு வைத்த திறந்த வாய். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டாலே, இரண்டு ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து தினம் 40,000 லிட்டர் போகும். அது உங்கள் பங்கிலிருந்தும் போகும். சுற்று வயல்களின் உரமும் பூச்சிக்கொல்லியும், நாளடைவில் யாராவது கொட்டும் குப்பையும், வடிகட்டும் மண் ஏதுமின்றி நேரே குடிநீர் அடுக்கில் இறங்கும். செங்குத்துச் சுவருள்ள இருபதடிக் குழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளிக்க இறங்கும் ஆபத்தையும் உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுரங்கத் திட்டத்தில் குழியை மூடும் முறை என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதையே செய்யச் சொல்லிக் கேளுங்கள். கரையைச் சரிவாக்கி, வேலி போட்டு, களிமண்ணால் அடியை மூடுவது குறைந்தபட்சம்.

இடைக்காலத்துக்கு ஒரு வழி: மோட்டார் கொட்டகைக்குள் குழி தோண்டிக் கிணற்று உறை இறக்கி, மோட்டாரை ஆறடி தாழ்த்தி வைத்தால் எட்டும் தூரம் ஆறடி கூடும், இந்தக் கோடையைக் கடத்த அது போதும். மின் மோட்டாராக மட்டும் இருக்கட்டும். டீசல் இன்ஜினை அப்படிக் குழிக்குள் வைத்தால் புகை தங்கி உயிருக்கே ஆபத்தாகும். செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டு மனுவோடு அவற்றையும் சேர்க்க வேண்டும். அளவுக் குழாயை இந்த வாரமே இறக்கிவிடுங்கள். ஜூனில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லா மட்டமும் ஏறிவிடும். பிறகு அளப்பதற்கு அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும்.